நஞ்சக்காவின் ஐந்து கொட்டாய்கள்

முதலில் மூட்டையை முகர்ந்து பார்ப்பாள். பிறகுதான் அவிழ்ப்பாள். வந்தவர் வக்கீலானாலும் வாத்தியாரானாலும் வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு ஓரமாக நிற்கவேண்டியதுதான். “தயிர்ச்சோறு. நேத்தே கட்டினது. இதத் தின்னீங்கன்னா அருவி எங்கடா இருக்குதுன்னு தேடவேண்டாம், வயித்துலயே இருக்கும்” என்பாள். பொட்டலம் ஆட்டுக்குப் போய்விடும். அது யாருடைய ஆடு என்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது. நஞ்சக்காவின் மூக்கை நம்பிப் பெருத்துக்கொண்டிருக்கிறது.

ஒகேனக்கல்லில், அருவிக்குக் கொஞ்சம் மேலே, ஆற்றை ஒட்டின மணல்மேட்டில் அவளுக்கு ஐந்து கொட்டாய்கள். மூங்கில் கால், காட்டுப்புல் கூரை, தரையில் கோரைப்பாய். தை பிறந்து தண்ணீர் தெளிந்ததும் போடுவாள். ஆனிக் கடைசியில், வெள்ளம் வருவதற்குள், ஒரு குச்சி மிச்சமில்லாமல் பிரித்துப் பென்னாகரத்துக்கு வண்டி ஏற்றிவிடுவாள். இடம் காட்டிலாகாவுடையது. வருசா வருசம் அவர்கள் அனுமதிக் கடிதம் கொடுக்கவேண்டும். கடிதம் வந்தால் கொட்டாய். வராவிட்டால் பாப்பாரப்பட்டியில் தம்பி வீடு, தம்பி பெண்டாட்டி. “அந்த மூஞ்சியத் தெனமும் பாக்கறதுக்கு, ஆத்துல மொதலைகூடக் குடித்தனம் பண்ணலாம்” என்பது அக்காவின் கருத்து. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். புருசன் உண்டா என்று கேட்டவர்களுக்கு, “இருந்தாரு” என்று மட்டும் பதில் வரும். இரண்டாவது தடவை கேட்டால் கன்னடத்தில் வரும்.

கொட்டாய் ஒதுக்குவதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறாள். “கொறட்ட வுடுவீங்களா?” என்று கேட்பாள். உலகத்தில் யாராவது ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்களா? இல்லை என்பார்கள். அவள் கழுத்தைப் பார்ப்பாள். “கழுத்தையே காணோம், கொறட்ட இல்லைங்கறாரு. அஞ்சாம் நெம்பருக்குப் போங்க. அங்க அருவி உங்களவிடச் சத்தமா வுடும்.” இதுவரை கழுத்து அவளை ஏமாற்றியதில்லை.

நான் ஒருதடவை ஏமாற்றிப் பார்த்தேன். என் மாமன் பென்னாகரத்திலிருந்து ஆட்களை ஏற்றிவருகிற வண்டிக்காரர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டபடியால் வண்டியில் நானும் வருவேன். ஒரு பெரிய நண்டை உயிரோடு துணியில் கட்டி, ‘ஜட்ஜு அய்யா மூட்டைக்கா, பின்னால வர்றாரு’ என்று நீட்டினேன். முகர்ந்தாள். “ஜட்ஜு கடிப்பாரா?” என்று கேட்டுவிட்டு, அவிழ்க்காமலே அடுப்புப் பக்கம் கொண்டுபோனாள். மத்தியானம் ஜட்ஜு என் தட்டில் இருந்தார்.

மூட்டையில் சோற்றுக்கு அடுத்தபடி அவள் தேடுவது மாற்று வேட்டி. இந்தப் பழக்கம் இரண்டு வருசமாகத்தான். அதற்கு முன்பு பச்சியப்பன் என்று ஓர் ஆள் நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து தனியாக வந்தான். கையில் ஒன்றுமில்லை. அக்கா களி போட்டு, படுக்கச் சொல்லிவிட்டு, மீன் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது பாய் மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் பரிசல்கார மல்லையன் அவனைப் பிணமாகக் கீழ்ப்பாறையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தார். கிராம முன்சீப் விசாரித்தபோது, கொட்டாய்க்கு வம்பு வேண்டாமென்று பரிசல்காரர்கள் எல்லாரும் ஒரே குரலாக, ‘எங்கிருந்தோ வந்தவன், எங்கியும் தங்கலைங்க’ என்று சொல்லிவிட்டார்கள். அக்காவை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கணக்கு: குளிக்க வருகிறவன் மாற்றுத்துணி கொண்டுவருவான். கொண்டுவராதவன் குளிக்க வரவில்லை.

அப்படி யாராவது வந்தால் அவரை அவள் தனியாக விடமாட்டாள். புத்தி சொல்வதும் கிடையாது, கேள்வி கேட்பதும் கிடையாது. வேலை கொடுப்பாள். கயிறு திரி, பானை தேய், மிளகாய் ஆய். கை ஓயாமல் பார்த்துக்கொள்வாள். மறுநாள் காலை எங்கள் வண்டியில் ஏற்றி, பென்னாகரம் தாண்டும்வரை இறங்கவிடாதே என்று மாமனிடம் ஒப்படைப்பாள். இப்படி நாலு பேர் போயிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் நிஜமாகவே மாற்றுத்துணியை மறந்து வந்தவர்கள் என்பது என் அபிப்பிராயம். சொன்னால் அடிப்பாள்.

போன வாரம் ஐந்தாவது ஆள் வந்தார். உலக யுத்தத்தினால் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ், பாதி மேட்டில் மூச்சுவாங்கி நின்றுவிட்டதாம். அங்கிருந்து பென்னாகரம் வரை நடந்திருக்கிறார். புதுச் செருப்பு காலைக் கடித்திருக்கிறது. முகம் செத்துப்போயிருந்தது. கையில் ஒரு தோல்பை மட்டும். வண்டியை விட்டு இறங்கியதும் நேராக ஆற்றங்கரைப் பாறைக்குப் போய் நின்றார்.

“இங்கே ஆழம் எவ்வளவு இருக்கும்?” என்று மல்லையனைக் கேட்டார்.

“ரெண்டு பனை இருக்குமுங்க.”

“இங்கேயிருந்து விழுந்தா ஆள் பிழைப்பானா?”

அக்கா அகப்பையைக் கீழே போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த நிமிசம் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அண்ணா, மூட்டை எங்கீங்க?”

“மூட்டை இல்லையே. பைதான்.”

“மாத்து வேட்டி?”

“எதுக்கு? நான் தங்க வரலை.”

அவ்வளவுதான். ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு அவரை அடுப்படியில் உட்காரவைத்துவிட்டாள். எழுந்திருக்கப் பார்த்தால், “இத முடிச்சிடுங்க அண்ணா, கொழம்பு நிக்குது.” முடித்தால் இன்னொரு முறம். தண்ணீர்ப் பக்கம் மல்லையனும், வண்டிப் பக்கம் நானும் காவல். ஐந்து கொட்டாயிலும் சேர்ந்து அன்றைக்கு ஆறே பேர். அந்தக் குழம்புக்கு இரண்டு முறம் வெங்காயம் எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்ததால் கேட்க முடியவில்லை போலிருக்கிறது.

அக்கா பக்கத்தில் குந்தினாள். “அழுவுங்க. நல்லா அழுவுங்க. கேட்டா வெங்காயம்னு சொல்லிக்கலாம்.”

“வெங்காயம்தான் அம்மா! நான் காட்டிலாகா ஆபீசர்!”

பையிலிருந்து கடுதாசிக் கட்டை எடுத்துக் காட்டினார். முத்திரை இருந்தது. அக்கா முத்திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “ஏன், ஆபீசருக்கெல்லாம் மனசு இல்லீங்களா?”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு விசயத்துக்கு வந்தார். இங்கே கொட்டாயில் தங்கின ஒருவன் ஆற்றில் போய்விட்டதாக மேலே ஒரு மொட்டைக் கடுதாசி போயிருக்கிறது. அது நிஜமானால் இடம் ஆபத்து, அடுத்த வருசம் அனுமதி கிடையாது. பொய்யானால் பேச்சே இல்லை. அதை விசாரித்து எழுதத்தான் வந்திருக்கிறார்.

பொய் சொல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு. “அதுங்களா சார்! அந்த ஆளு இங்க தங்கவே இல்லீங்க. நேரா வந்தான், நேரா போனான். நான் பக்கத்துல இருந்தேன்” என்றேன். அந்த வருசம் எனக்கு அம்மை போட்டு நான் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை என்பதை அவர் எங்கே கண்டார்?

“ஆமாங்க” என்றார் மல்லையன், ஆற்றைப் பார்த்துக்கொண்டு. “முன்சீப்புகிட்டயும் அப்பிடித்தான் சொன்னோம்.”

ஆபீசர் பேனாவைத் திறந்தார். எங்கள் பொய்யை அவர் நம்பினாரோ இல்லையோ, எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தார். வெங்காயம் உரித்த விரல்களால் கண்ணைத் தொடாமல் ஜாக்கிரதையாக, “அப்போ, எங்கேயும் தங்கலை” என்று ஆரம்பித்தார்.

“சும்னிரு, வாய மூடு” என்றாள் அக்கா. என்னைத்தான். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம் வரும். ஆனால் குரலில் கோபம் இல்லை. “மூணாவது கொட்டாய்ல தங்கினாருங்க. பேரு பச்சியப்பன். களி ஒரு உருண்டை தின்னாரு. ரெண்டாவது போட்டேன், வேண்டாமுன்னு தட்டைக் கையால மறைச்சாரு. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். நான் மீனு வாங்கப் போயிட்டேன்.”

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“யக்கா, உனக்கென்னா பைத்தியமா?” என்றேன்.

“தங்கினவனைத் தங்கலைன்னா, அவன் எங்கதான்டா இருந்தான்?”

ஆபீசர் எழுதினதை அடித்தார். மறுபடி எழுதினார், மெதுவாக. எழுதி முடித்து உரக்கப் படித்தார். “மூன்றாவது கொட்டகையில் தங்கியிருந்த பச்சியப்பன் என்பவர்…” அந்த இடத்தில் அக்கா தலையை ஆட்டினாள், சரியான அளவு உப்பு விழுந்ததுபோல.

“இதிலே உங்க கைநாட்டு விழுந்தா, இந்தக் கொட்டாய் இருக்காது. தெரியுதா அம்மா?”

“தெரியுதுங்க.”

அவர் பையைத் துழாவினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, “மைப்பெட்டியை ஆபீஸிலேயே வெச்சிட்டு வந்துட்டேன்போல. மை இல்லாம கைநாட்டு எப்படி? இன்னொரு நாள் பார்த்துக்கலாம்” என்றார். சொல்லிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கொடுக்கிற வழி எனக்கே புரிந்தது.

நஞ்சக்கா எழுந்து அடுப்புக்குப் போனாள். குழம்புச்சட்டியை ஒரு கையால் சாய்த்துப் பிடித்து, அடிக் கரியில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்து, “எந்த எடத்துலீங்க?” என்று கேட்டாள்.