உள்ளே மூண்ட சூடு

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, அத்தையின் முதுகெலும்பு அடுக்கி வைத்த பீங்கான் கிண்ணங்களாகத் தெரிந்தது. நடுவில் ஒன்று மட்டும் நசுங்கியிருந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தவள்தான், பிறகு நிமிரவில்லை. அப்பாவின் தங்கை, விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் அச்சுகளில் களிமண் கூழ் ஊற்றியே நரைத்தவள். வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். வாய்வுப் பிடிப்பென்று நாங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். புரண்டு படுக்கவே அலறினாள். இனி நடப்பாளா என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் எல்லோரும் சோறு தின்றோம்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார்: “எலும்பு மெலிஞ்சு, ஒண்ணு நசுங்கியிருக்குதும்மா. ஊசி வழியா உள்ள சிமெண்ட் வச்சிடலாம். பெருசா அறுக்க வேணாம்.”

“சிமெண்டா? நான் மனுசியா, மதகா?” என்றாள் அத்தை. அந்த வலியிலும் நக்கல் போகவில்லை.

மரத்துப்போக மருந்து போட்டு, குப்புறப் படுக்கவைத்து, திரையில் எலும்பைப் பார்த்தபடியே செலுத்தினார்கள். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டதுபோல் இருந்தது.

வம்பு அதற்குப் பிறகுதான். சாயங்காலம் நர்ஸ் வந்து எழுந்து நடக்கச் சொன்னாள். அத்தை கட்டில் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“தொடாத தாயி! ஊத்துன சாமான காயறதுக்கு முன்னாடி எடுத்தா கோணிக்கும். காஞ்சாலும் சூளையில வேவணும். உங்களுக்கு என்னா தெரியும்?”

நான் கெஞ்சினேன். “நீ கவித எழுதறவன். வாய மூடு” என்றாள்.

டாக்டரம்மாவே வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார். “இது உங்க களிமண்ணு இல்லம்மா. கலந்த கொஞ்ச நேரத்துல அதுவே சூடாவும், அதுவே இறுகிடும். இப்ப கல்லாட்டம் இருக்குது.”

“சூளை இல்லாமயா?”

“இல்லாமத்தான்.”

வாழ்நாளெல்லாம் வெளியே எரிந்த நெருப்பையே நம்பியவள், தன் முதுகுக்குள் மூண்டு அடங்கிய சூட்டை மனத்தால் தொட்டுப் பார்ப்பவள்போல் கட்டில் கம்பியிலிருந்து கையை மெல்ல எடுத்தாள்.

இப்போது மற்ற எலும்புகளைக் காக்க மாத்திரை தொடர்கிறது. கருவேப்பிலங்குறிச்சிக்குத் தனியாகப் பஸ் ஏறுகிறாள். துணைக்கு வரவா என்றால் வைகிறாள். ஆனால் எனக்குள் அவள் இன்னும் அந்தச் சாயங்காலத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான், ஒருக்களித்து, கால்களைத் தொங்கவிடுகிறாள். அலறல் வரும் என்று பல்லைக் கடித்து நிற்கிறேன். ஒரு பெருமூச்சுதான் வருகிறது. நின்றுவிட்டாள்.

“என்னடா வேடிக்க? செருப்ப எடு.”