மெட்டி ஏறாத விரல்

என் வலது காலில் பெருவிரலின் அடிமூட்டு புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்திருக்கும். அதை மறைக்கவே, வவுனியாவில் புடவைக்கடையில் நின்ற காலமெல்லாம் கூர்முனைச் சப்பாத்துப் போட்டேன்.

"எலும்பு வளரேல்லைப் பிள்ளை, மூட்டுத்தான் சரிஞ்சிருக்கு. ஒடுக்கமான சப்பாத்து அதை இன்னும் தள்ளும். அகலச் செருப்புப் போடுங்கோ. நடக்கேலாமல் நொந்தால் ஒப்பரேசனைப் பற்றி யோசிப்பம்" என்றார் டொக்டர். நான் கேட்கவில்லை.

கனகராயன்குளத்தில் எனக்குக் கலியாணம். அம்மியில் என் காலை வைத்து, மாப்பிள்ளை மெட்டி போடக் குனிந்தார். சாய்ந்த பெருவிரல் வழிவிடவில்லை. அவர் அழுத்த, எனக்கு உயிர் போனது. சனம் முழுக்க என் காலையே பார்த்தது.

"நோகுதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லை என்றுதான் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "ஓம், நோகுது. பெருவிரலை விலத்திப் பிடிச்சுப் போடுங்கோ."

அவர் ஒரு கையால் விரலை விலத்தி, மற்றக் கையால் மெட்டியைப் போட்டார்.

அடுத்த கிழமை இருவருமாகப் போய் அகலச் செருப்பு வாங்கினோம். விரல் நேராகவில்லை; நோ குறைந்துவிட்டது. இப்போது கோவில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சேலையை இழுத்துக் காலை மூடுவதில்லை. மெட்டி வெயிலில் மின்னுகிறது. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.