பிறந்து வளர்ந்தது இங்கேதான்

என் அக்கா புருஷனைப் பற்றி நான் வாயைத் திறந்தால் பொறாமையில் பேசுகிறான் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், நான் லிஃப்ட் மெக்கானிக். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது? எனக்கு இருப்பது கோபம். அதுவும் முழுசாகக் கோபப்பட விடாமல் நடுவில் சிரிப்பு வந்து கெடுத்துவிடும்.

அவரும் நானும் ஒரே பக்கத்து ஆட்கள். எங்கள் பக்கத்தில் பேச்சு நிதானமாக வரும். ஒரு வார்த்தையைச் சொல்லி, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்ததை எடுப்போம். அவர் வேலைக்குப் போன ஊரில் அதெல்லாம் கிடையாது. வாக்கியத்தை ஆரம்பிக்கும்போதே முடித்துவிடுகிற அவசரம். மணி என்ன என்று கேட்டால்கூட நம் சட்டையைப் பிடிக்க வருகிற மாதிரி இருக்கும். இத்தனைக்கும் நடுவில் இருப்பது ஒரு பகல் ரயில் பயணம்தான்.

அந்த ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் உதவியாளாகச் சேர்ந்தார். வந்தவர் மூக்கில் சோதனை ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சேர்ந்த புதிதில், எதிரே இருந்த எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் பாதியில் நிறுத்தி முதலாளியைக் கூப்பிட்டாராம். "உங்க ஆளு கேக்குறது தாலாட்டு மாதிரி இருக்கு. எனக்கு கண்ணு தெரியலையா, தூக்கம் வருதான்னு புரியல." கடையே சிரித்தது. அன்றிலிருந்து முதலாளிக்கு அது பொழுதுபோக்கு. யார் வந்தாலும், "எங்கே, அவருக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டு" என்பார். இவர் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். அந்த அவமானத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். நானாக இருந்தால் ஸ்க்ரூடிரைவரை மேசையில் வீசிவிட்டு அடுத்த ரயிலுக்குப் போயிருப்பேன்.

அவர் வீசவில்லை. கற்றுக்கொண்டார். ஒரே வருஷத்தில் அந்த ஊர்க்காரன் பேசுகிற வேகத்தில் பேசினார். அதோடு நின்றிருந்தால் கெட்டிக்காரர் என்று நானே சொல்லியிருப்பேன். நிற்கவில்லை. அந்த ஊர்க்காரர்களே மறந்துபோன பழைய வார்த்தைகளைத் தேடிப் பிடித்துப் பேச ஆரம்பித்தார். எதிர்க்கடை சாவி வெட்டுகிறவர் அந்த ஊரிலேயே பிறந்தவர். அவரே என்னிடம் ஒருதரம், "உங்க மச்சான் பேசுறது எனக்கே பாதி புரியலப்பா" என்று புலம்பினார். யாராவது எந்த ஊர் என்று கேட்டுவிட்டால் போதும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பிறந்து வளந்தது எல்லாம் இங்கதான்" என்பார். வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்து ஊரைக் கெடுத்துவிட்டார்கள் என்று அலுத்துக்கொள்வார். கேட்டுக்கொண்டு நிற்கிற எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று இருக்கும்.

கடைக்கு எங்கள் பக்கத்து ஆள் யாராவது வந்தால் தலைகீழாக நின்று கவனிப்பார். அந்த ஆள் படி இறங்கியதும் ஆட்டம் ஆரம்பிக்கும். ஒரு கையை இடுப்பில் வைப்பார், ஒரு புருவத்தைத் தூக்குவார், கழுத்தை ஒரு பக்கமாக ஆட்டி ஆட்டி, ஒவ்வொரு வார்த்தையையும் தெருமுனை வரைக்கும் இழுத்துப் பேசிக் காட்டுவார். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சும்மா சொல்லக்கூடாது, முதல்முறை பார்த்தபோது நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கழுத்து என் அப்பாவுடையது. அவர் அப்பாவுடையதும்தான்.

சிரிப்பு குறையக் குறைய இழுவையைக் கூட்டினார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. இதற்குள் முதலாளிக்கு வயதாகிக் கடை இவர் கைக்கு வந்தது. ஆட்டமும் கடையோடு சேர்ந்து வந்தது.

என் அக்காள் நேர்மாறு. கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனவள், போன அன்று எப்படிப் பேசினாளோ அப்படியேதான் பேசினாள். அது இவருக்குப் பெரிய தலைவலி. மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, "நீ சும்மா சிரிச்சா போதும், பேச்சை நான் பாத்துக்கிறேன்" என்றாராம். கடைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனால், ஆள் இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. நான் போனாலும் அதே உத்தரவுதான். உள்ளே ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, யாராவது ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டச் சொல்வார். அக்கம்பக்கத்தில் அக்காவைக் கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சமையலறையில் பத்து நிமிஷம் அவளோடு நின்று பார்த்தால் தெரியும், யாருக்குக் கூச்சம் என்று.

மகள் அந்த ஊர்ப் பேச்சுதான் பேசுவாள், அம்மாவோடு மட்டும் எங்கள் பேச்சு. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை. அங்கேயே எக்ஸ்ரே பிரிவில் இருக்கிற பையனைப் பிடித்துப்போயிற்று. நல்ல பையன். வேடிக்கை என்னவென்றால் அவன் எங்கள் பக்கத்துப் பையன். மச்சானுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஒரே மகள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

சிக்கல் பையனுடைய அம்மாவிடமிருந்து வந்தது. அவருடைய மூத்த மருமகள் மச்சான் இருக்கிற அந்த ஊர்க்காரி. மாமியார் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டித் தோழிகளோடு போனில் சிரிப்பாளாம். ஒருநாள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டார். "இன்னொரு தடவை என் பேச்சைக் கேலி பண்ற குடும்பம் எனக்கு வேண்டாம். நம்ம பேச்சு பேசுற வீடுன்னா வரேன், இல்லைன்னா நீயே கட்டிக்கோ, நான் வரல" என்று மகனிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார். அம்மா வராமல் கல்யாணம் இல்லை என்று பையனும் சொல்லிவிட்டான். பொண்ணோட அம்மா நம்ம பக்கம்தான் என்று சொல்லி ஒருவழியாக அவரைக் கிளப்பியிருந்தான். அப்பாவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. இவர் கடையில் அளந்து விட்டதைக் கேட்டு, இவரை அந்த ஊர்க்காரர் என்றே அவனும் நம்பியிருந்தான்.

மகள் அப்பாவிடம் போய் நின்றாள். "அப்பா, ஒரே ஒரு நாள் உங்க பேச்சு பேசுங்க. அவங்க மனசு குளிர்ந்துடும்."

"இதை நீ சொல்லணுமா? அது என் ரத்தத்துல ஊறினது" என்றார்.

அவர்கள் வரும் நாளன்று நானும் போயிருந்தேன். காலையில் கடையில் அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கிற கண்ணாடி. அத்தனையிலும் இவர் கழுத்து ஆடியது.

"மச்சான், வேண்டாம். வாங்க, உக்காருங்கன்னு மட்டும் சொல்லிட்டு அக்காவைப் பேச விடுங்க."

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

"நீங்க பேசல மச்சான். பேசிக் காட்டுறீங்க."

"நீ போய் லிஃப்டைப் பாரு" என்றார்.

சாயங்காலம் பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். முன்னறையில் சோபா உறையைக் கழற்றிப் போட்டிருந்தது. மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டதால் அதை நிறுத்தியிருந்தார்கள், எல்லோருக்கும் வியர்த்தது. அந்த அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். மச்சான் முன்னால் வந்து நின்றார். கை இடுப்புக்குப் போனது. புருவம் ஏறியது. "வாஆஆங்க" என்று ஆரம்பித்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பயணம் எப்படி, வெயில் எப்படி, வீடு கண்டுபிடிக்கச் சிரமமா என்று கேட்டார். கேட்டதெல்லாம் மரியாதையான கேள்விகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் கடையில் முதலாளியைச் சிரிக்க வைத்த அதே இழுவையில் வந்தது. அந்த அம்மாள் கொடுத்த டீயை மட்டும் உறிஞ்சினார். போதவில்லை போலிருக்கிறது என்று இவர் இன்னும் கொஞ்சம் இழுத்தார். மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பையன் தரையைப் பார்த்தான்.

அந்த அம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வந்ததிலேர்ந்து பாக்குறேன். எங்களை மாதிரி பேசிக் காட்டுறீங்களா?"

"ஐயோ, இல்லைங்க. நானும் உங்க பக்கம்தாங்க." இதையும் கழுத்தை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

"என் மூத்த மருமகளும் இப்படித்தான் கழுத்தை ஆட்டுவா. அவ கதவுக்குப் பின்னாடி ஆட்டினா. நீங்க வீட்டுக்கு வரவெச்சு மூஞ்சிக்கு நேரா ஆட்டுறீங்க." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, பையனைப் பார்த்து, "எந்திரிடா" என்றார்.

மச்சான் பதறிப்போய் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். பதற்றத்தில் வந்தது அந்த ஊர்ப் பேச்சு, படபடவென்று. பிறந்தது உங்கள் பக்கத்தில்தான், சத்தியம் என்கிறார், அதையும் அந்த ஊர் வேகத்தில். அந்த அம்மாள் நம்புவாரா? பாதியில் அவருக்கே உறைத்து நிறுத்தினார். மறுபடி எங்கள் பேச்சில் ஆரம்பிக்க வாயைத் திறந்தார். புருவம் தானாக ஏறியது. கையை வைத்து அமுக்கிக்கொண்டார். பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷக் கோபத்தில் அந்த நிமிஷம் மட்டும் எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.

நான் எழுந்திருப்பதற்குள் அக்கா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "உக்காருங்கக்கா. டீயைப் பாதியில வெச்சுட்டுப் போனா எப்படி" என்றாள். எங்கள் பேச்சு, நிதானமாக, அது பாட்டுக்கு வந்தது. அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்தார்.

"நீ நம்ம பக்கம்தான், கேட்டாலே தெரியுது. அப்ப இவர்?"

மச்சான் அக்காவைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. நீயாவது சொல்லு என்று கெஞ்சுகிற பார்வை. அக்காவும் அவரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"அவர் இந்த ஊர் ஆளுக்கா. பிறந்து வளந்தது எல்லாம் இங்கதான். உங்களுக்கு மரியாதை பண்றதா நெனச்சு நம்ம பேச்சைப் பேசிப் பாக்குறாரு. இத்தனை வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தி, வந்தது இவ்வளவுதான்."

அந்த அம்மாள் சிரித்தார், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அதானே பாத்தேன். நம்ம ஆளு எவனாவது இப்படிப் பேசுவானா?"

இல்லை என்று மறுக்க மச்சானுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தால் போதும். திறந்தால் மகள் கல்யாணம் அங்கேயே முடிந்தது. எங்கள் ஆளாக இருந்துகொண்டு எங்கள் பேச்சைப் பழிக்கிறவன் வீட்டில் அந்த அம்மாள் பெண் எடுக்க மாட்டார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீத்திக்கொண்ட அந்த ஒரு வாக்கியத்தில் பாதிதான் அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தது.

"ஆமாங்க. நான் இந்த ஊர்தான்."

"எங்க பக்கம் எப்பவாவது வந்திருக்கீங்களா?" என்று அந்த அம்மாள் அன்பாகக் கேட்டார்.

"இல்லைங்க."

"கல்யாணம் முடியட்டும், வாங்க. கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் சுத்திக் காட்டுறோம்."

"வரேங்க" என்றார்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகுதான் இன்னொரு விஷயம் மண்டையில் உறைத்தது. மச்சானுக்கு ஒரு அண்ணன். எங்கள் பக்கத்திலேயே அச்சகம் வைத்திருக்கிறார். அவரை எப்படிக் கூப்பிடுவது, கூப்பிட்டு யார் என்று சொல்வது? மச்சான் அந்தப் போனைத் தொடவே இல்லை. அக்காதான் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் அவர் கத்துவார் என்று பார்த்தால், "இதுல பொய் எங்கம்மா இருக்கு? நான் உனக்குச் சொந்தம்னு சொல்லிக்கிறேன். குழந்தை கல்யாணத்துக்கு வராம இருப்பேனா?" என்றாராம்.

வந்தார். மண்டபத்தில் பெண்ணின் அம்மாவைச் சேர்ந்தவர்கள் இருந்த வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பையனுடைய அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நம்ம பக்கத்து ஆள், எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்று ஊரெல்லாம் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் கையோடு கூட்டிக்கொண்டு போய் மச்சான் முன்னால் நிறுத்தினார்.

"சம்பந்தி, இவரைத் தெரியுமா? உங்க வீட்டம்மாவுக்குச் சொந்தமாம்."

அண்ணன்தான் முதலில் கையை நீட்டினார்.

"பொண்ணோட அப்பாங்களா? உங்களை இப்பதாங்க பாக்குறேன். ரொம்ப சந்தோஷம்."

மச்சான் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அந்த அம்மாள் பக்கத்திலேயே சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தார்.

"சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார் மச்சான், அந்த ஊர்ப் பேச்சில்.