சீ.டீ.ஓ. பேச்சியம்மா

வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பேச்சியக்காவை "ஆயம்மா" என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. நானும் வாங்கியிருக்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்கிற தயவுதாட்சண்யம்கூடக் கிடைக்கவில்லை.

"ஆயம்மா எல்லாம் அந்தக் காலம் டீச்சர். இப்ப சீ.டீ.ஓ.ன்னு எழுத்துல குடுத்திருக்காங்கல்ல? படிச்ச நீங்களே இப்படிக் கூப்பிட்டா லயத்து வீடுகள்ல உள்ளதுக எப்படிக் கூப்பிடும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும் சுபாவம். "சரிங்க சீ.டீ.ஓ. அம்மா, எம் பிள்ளயக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா? பள்ளிக்கூட மணி அடிச்சிரும்" என்று என் மகள் ஷாமிலாவை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினேன். நான் குத்திக் காட்டியது அக்காவுக்கு உறைக்கவே இல்லை. சீ.டீ.ஓ. என்ற மூன்று எழுத்தும் காதில் விழுந்ததே போதும் என்று முகம் மலர்ந்து நின்றாள்.

பேச்சியக்கா முதலில் கொழுந்து எடுத்தவள்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அடைமழை நாளொன்றில் வடிகால் கானுக்குள் வழுக்கி விழுந்து முழங்கால் போய்விட்டது. இனி மலையேற முடியாது என்று ஆனதும் தோட்டத்தார் அவளைப் புள்ளக்காம்பராவில் போட்டார்கள். அம்மாமார் காலையில் பேர் கொடுத்து வேலை பிரித்துக்கொள்ளப் பெரட்டுக்குப் போகுமுன் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஆலையில் பத்து மணிச் சங்கு ஊதினால் கைக்குழந்தைக்காரிகள் மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுப்பார்கள். அது ஒன்றுதான் இடைவெளி. மற்ற நேரம் முழுக்க அத்தனையும் அக்காவின் தலையில்.

சும்மா சொல்லக்கூடாது, பிள்ளை பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதற்குச் சளி பிடித்திருக்கிறது, எது திரிபோஷா சத்துமா உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்கியதாக ஏமாற்றுகிறது, எதன் அம்மாவும் அப்பாவும் நேற்றுச் சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கோழி குஞ்சைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பாள்.

ஒரே ஒரு குறை. குரல். ஆலையில் விசிறிப் பெல்ட் வழுக்கும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். பேசும்போது தெரியாது, தாலாட்டுப் பாடினால்தான் தெரியும். அவள் பாடித் தூங்கிய பிள்ளை எங்கள் தோட்டத்தில் பிறக்கவே இல்லை. தானாகத் தூங்கிப்போன பிள்ளைகூட வீரிட்டு எழும். அழுகை மேல் மலைவரைக்கும் கேட்கும். கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள், "அந்தா, ஆயம்மா ஆரம்பிச்சிட்டாங்கடி!" என்று கூடையோடு குலுங்கிச் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு அவள் காதுக்கும் வந்து சேரும். "எங்கம்மா எனக்குப் பாடினதத்தான் பாடுறேன். எனக்கு மட்டும் ஏன் டீச்சர் இப்படி வருது?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். "வெத்திலையக் கொறைங்கக்கா" என்றேன். பாவம், ஒரு வாரம் குறைத்தும் பார்த்தாள்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் புள்ளக்காம்பராவுக்கு நீல நிறப் பெயர்ப்பலகை வந்தது. சிறுவர் அபிவிருத்தி நிலையமாம். அதோடு அக்காவும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனாள். ஆங்கிலத்தில் சுருக்கி சீ.டீ.ஓ. உத்தியோகத்தர் என்ற சொல் அவளை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். கங்காணி, கணக்கப்பிள்ளை, தொரை என்று ஆளுக்கொரு பட்டம் வைத்திருக்கும் தோட்டத்தில், அவள் வம்சத்தில் உத்தியோகம் என்று ஒன்றைப் பார்த்தது அவள்தான் முதல்.

பெயர் வந்த கையோடு இன்னொரு செய்தியும் வந்தது. கொழும்பிலிருந்து பார்வையிட வரப்போகிறார்கள், பயிற்சிச் சான்றிதழ் இல்லாத சீ.டீ.ஓ.க்களை மாற்றிவிடுவார்களாம், ஹட்டனில் சான்றிதழோடு ஒரு பெண் தயாராக நிற்கிறாளாம். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் மகன்மார் இருவரும், "விட்டுட்டு வந்து எங்களோட இரும்மா" என்றார்கள். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அங்க போயி என்ன செய்ய டீச்சர்? மலைக்கும் ஏற முடியாது. இந்தப் பிள்ளைகளும் இல்லாட்டி நான் விடிஞ்சா எதுக்கு எந்திரிக்கணும்?"

வருகிறவர்கள் சீ.டீ.ஓ. வேலையைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். உடனே அவள் ஹட்டன் பஸ் ஏறினாள். அங்கே கம்ப்யூட்டர் கடையொன்றில் அவளுடைய அக்கா மகன் யோகேஸ்வரன் வேலை செய்தான். இன்டர்நெட்டில் இல்லாதது இல்லை என்று எப்போதும் பீற்றிக்கொள்பவன். சீ.டீ.ஓ. பற்றி இருப்பதையெல்லாம் எடுத்துத் தா என்றதும் அவன் மூன்று எழுத்தைத் தட்டினான். பேச்சு நிகழ்ச்சிகள் வந்து குவிந்தன.

"இதுக்குப் பேரு பொட்காஸ்ட் சின்னம்மா. ரேடியோ மாதிரித்தான். ஆனா நம்ம நினைச்ச நேரம் கேக்கலாம்."

"எல்லாம் சீ.டீ.ஓ. பத்தித்தானாடா?"

"பேரப் பாருங்க, எல்லாத்துலயும் போட்டிருக்கான்."

அவன் கேட்டுப் பார்த்தானா? அவனுக்கு எங்கே நேரம்! ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதைச் சொருகிக் கேட்கிற சின்ன சீனத்து ரேடியோ ஒன்றையும் கொடுத்தனுப்பினான். எல்லாம் ஆங்கிலம். அதனால் அன்று மாலை அந்த ரேடியோ என் அடுப்படிக்கு வந்தது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த என்னை இழுத்து உட்காரவைத்து, "சொல்லுங்க டீச்சர்" என்றாள் அக்கா.

முதல் பேச்சில் அமெரிக்கர் ஒருவர் மூச்சு விடாமல் கடனைப் பற்றிப் பேசினார். இரண்டாவது ஒரு கம்பெனியின் பெரிய அதிகாரி. புள்ளிவிபரங்களைக் கட்டிக் காப்பவராம். மூன்றாவதில் ஒரு பெண் ஆற்றில் படகு விட்டுக்கொண்டு கூச்சல் போட்டாள். பிலிப்பைன்சில் ஒரு பட்டணத்தையே அந்த ஊர்க்காரர்கள் இந்த மூன்று எழுத்தில்தான் கூப்பிடுகிறார்களாம்.

"அக்கா, இதுல ஒன்னுகூடப் புள்ளக்காம்பரா இல்ல. ஒன்னு கடன், ஒன்னு அதிகாரி, ஒன்னு ஊரு" என்றேன்.

"அந்தக் கடனுக்கு என்னவாம்?"

"ஊர்ல உள்ளவங்க கடனையெல்லாம் ஒன்னாக் கட்டி வித்தாங்களாம். வாங்கினவங்கள்லாம் நாசமாப் போயிட்டாங்க. உலகமே ஆடிப்போச்சாம்."

"அடப் பாவிகளா! அதுக்கா எம் பேர வச்சானுங்க?" என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "இருந்தாலும் மத்த ரெண்டும் பெரிய எடமாத்தானே இருக்கு" என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு ரேடியோவை எடுத்துக்கொண்டு போனாள். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் புள்ளக்காம்பராவில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. மலையில் நின்ற அம்மாமார் பயந்தே போய்விட்டார்கள். ஒருத்தி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். சேலைத் தொட்டில்கள் எல்லாம் அசையாமல் தொங்குகின்றன. மூலையில் ரேடியோ. அமெரிக்கர் கடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, அப்படி ஒரு குரல். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகின்றன.

அக்கா அன்றோடு தாலாட்டை விட்டாள். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு வேலை வைத்துக்கொண்டாள். கம்பெனி அதிகாரி பேசினால் பிள்ளைகள் சேட்டை செய்யாமல் சாப்பிடும், ஏனென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கடன்காரர் தூக்கத்துக்கு. படகுப் பேச்சை ஒரே ஒரு தடவைதான் தூக்க நேரத்தில் போட்டாள். ஆறு சலசலவென்று ஓட ஓடத் தொட்டில்களெல்லாம் வரிசையாகச் சொட்டத் தொடங்கிவிட்டன. அன்று கொடியில் இடமில்லாமல் தேயிலைச் செடி மேலெல்லாம் துணி காயப்போட்டாள்.

தோட்டமே அவளைப் புகழ்ந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். யாராவது "இப்பதான் புள்ளக்காம்பரா அமைதியா இருக்கு" என்று சொன்னால் சிரிப்பாள், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பார்வையிடும் நாள் வந்தது. ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் சமாளிக்கக் கூட நிற்க வேண்டும் என்று கெஞ்சியதால், நான் அதிபரிடம் கேட்டுக்கொண்டு போயிருந்தேன். அக்கா வெளுத்த சேலை உடுத்தியிருந்தாள். பிள்ளைகள் அழுது மானத்தை வாங்கிவிடக்கூடாதே என்ற பயத்தில், விடிந்ததிலிருந்து கடன்காரரைப் பேசவிட்டிருக்கிறாள். கொழும்பு வாகனம் வந்து நின்றபோது ஒரு பிள்ளைகூட முழித்திருக்கவில்லை. என் ஷாமிலா பாயில் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தவர் கேதீஸ்வரி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் உத்தியோகம். கூடவே எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் நலம் பார்க்கும் நலன்புரி ஐயா. உள்ளே வந்த மிஸ் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன இது, எல்லாரும் நித்திரையோ? காலமை நேரத்தில பிள்ளையள் விளையாட வேணுமெல்லோ?"

குனிந்து ஷாமிலாவின் கன்னத்தில் தட்டினார். அவள் புரண்டு படுத்தாள். தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணைப் பாதி திறந்து மறுபடியும் மூடிக்கொண்டாள். மிஸ்ஸின் முகம் மாறியது.

"அம்மா, பிள்ளையளுக்கு என்ன குடுத்தனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ. இன்னொரு இடத்தில இப்பிடித்தான் நித்திரை மருந்து குடுத்துப் பிடிபட்டவை."

எனக்குப் பகீர் என்றது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயோ சாமி, மருந்தெல்லாம் இல்ல மிஸ். சீ.டீ.ஓ. பேசினாரு, அதக் கேட்டுத் தூங்கிருச்சுங்க."

"சீ.டீ.ஓ. நீங்கள்தானே?"

"நான் இல்ல மிஸ், இது அமெரிக்காக்காரரு. கடனப் பத்திப் பேசுவாரு."

நலன்புரி ஐயா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் இடையில் புகுந்து, "அது வேற சீ.டீ.ஓ. மிஸ், பிலிப்பைன்சுல இன்னொன்னு இருக்கு" என்று இன்னும் கொஞ்சம் குழப்பினேன். பேசாமல் ரேடியோவைப் போட்டே காட்டிவிடலாம் என்று பொத்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை. விடியற்காலையிலிருந்து பேசிப் பேசி பற்றரி தீர்ந்துவிட்டது.

"பத்து மணிச் சங்கு ஊதட்டும் மிஸ். எல்லாம் தானா முழிச்சிக்கும், அது பழக்கம்" என்றாள் அக்கா. நாங்கள் காத்திருந்தோம். சுவர்க் கடிகாரத்தில் பத்தும் ஆனது, பத்தைத் தாண்டியும் போனது. சங்கு ஊதவில்லை. தோட்டம் முழுக்கக் கரண்ட் இல்லை. சங்கு இல்லையென்றால் மலையிலிருந்து ஒருத்தியும் இறங்கமாட்டாள்.

கேதீஸ்வரி மிஸ் ஐயாவிடம் திரும்பி, "டொக்டரைக் கூப்பிடுங்கோ. இவவை இனி இதுக்குள்ள விடக்கூடாது" என்றார்.

அக்கா தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கொஞ்சம் புத்தியும் வரும் போலிருக்கிறது.

"அக்கா, பாடுங்க!" என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இந்த நேரத்துலயுமா டீச்சர் கேலி செய்றீங்க?"

"கேலி இல்லக்கா! எங்கம்மா மேல சத்தியம். பாடுங்க!"

அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

"மலையிறங்கி வருவாளாம் மாணிக்கமே ஒங்கம்மா,
கூட நெறஞ்சதுமே கொஞ்சிக்க வருவாளாம்..."

அம்மாடி! ஒரு மாதமாகப் பாடாமல் அடக்கி வைத்த குரலும் சேர்ந்து வந்தது. முதல் வரியிலேயே ஒரு தொட்டில் நடுங்கியது. இரண்டாவது வரியில் அத்தனையும் ஒரே மூச்சில் வீரிட்டன. தகரக் கூரை அதிர்ந்தது. மேல் மலையில் கொழுந்து எடுத்தவர்கள் சங்குக்குக்கூடக் காத்திருக்காமல் இறங்கி ஓடிவந்தார்கள். நலன்புரி ஐயா பின்வாங்கித் திரிபோஷா வாளிக்குள் காலை விட்டுவிட்டார். மருந்து கொடுத்த பிள்ளைகள் இப்படிக் கத்துமா என்று நான் மிஸ்ஸைக் கேட்டேன். அவர் காதில் விழுந்திருக்காது.

மிஸ் பதறிப்போய் ஷாமிலாவைத் தூக்கி மார்பில் அணைத்தார். அவள் வில்லாக வளைந்து உதறினாள். நான் கை நீட்டினேன், பெற்றவள் நான், என்னிடமும் வரவில்லை. "ஆயம்மா! ஆயம்மா!" என்று கீழே இறங்கி ஓடினாள். நடக்கத் தெரிந்தவையெல்லாம் அவள் பின்னால் ஓடின. தெரியாதவை தவழ்ந்தன. எந்தக் குரலைக் கேட்டுப் பயந்தனவோ, அந்தக் குரல்காரியின் சேலைக்குள்ளேயே போய் முகத்தைப் புதைத்துக்கொண்டன.

அக்கா முழங்கால் வலியையும் பார்க்காமல் தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். மடியில் இடமில்லாமல் முதுகிலும் ஏறிக்கொண்டன.

"இந்தா இருக்கேன்டா சாமி. ஆயம்மா இங்கதான்டா இருக்கேன்."

அவள் வாயாலேயே சொன்னாள். எங்களையெல்லாம் திட்டித் தீர்த்த அந்தப் பெயரை!

கேதீஸ்வரி மிஸ் கிட்டே வந்து குனிந்தார். "நீங்கள் இஞ்சையே இருங்கோ அம்மா. பயிற்சிக்கு நான் ஒழுங்கு செய்யிறன்" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். மிஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "இனிப் பாட்டை நிப்பாட்டலாம்தானே?" என்று கேட்டார்.

பிள்ளைகளைத் தேற்றிக்கொண்டே மறுபடியும் பாடத் தொடங்கியிருப்பது அக்காவுக்கே தெரிந்திருக்கவில்லை. அழுதுகொண்டு பாடினாள். பிள்ளைகளும் அழுதுகொண்டுதான் கேட்டன. ஆனால் மடியை விட்டு ஒன்றுகூட இறங்கவில்லை.