தையல் அக்கா கேட்க மறந்த நிறம்

அடுத்தவர் வீட்டுக்குப் போன் எடுத்து, எடுத்த எடுப்பிலேயே பொய் சொல்வதுதான் என் தொழில். கல்லடியில் பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறை, இரண்டு மேசை, நான்கு போன். வீட்டில் வாய் திறந்து கேட்க முடியாத உடம்புச் சங்கதிகளை இளம் பெண்கள் எங்களுக்கு எழுதிக் கேட்பார்கள். மாதவிடாய் பிந்துவது, பிள்ளையைத் தள்ளிப்போடுவது, கல்யாணத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, எல்லாம் வரும். பதில் சொல்வோம். தேவையென்றால் நகரத்தில் ஒரு லேடி டொக்டரிடம் பெயருக்குப் பதில் இலக்கம் கொடுத்து நேரம் எடுப்போம். வாசலில் காத்து நின்று பக்கக் கதவால் உள்ளே கூட்டிப்போவதும் நாங்கள்தான்.

ஆனால் எங்கள் பக்கத்தில் போன் ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். மணி அடித்தால் கிட்ட இருப்பவர் எடுப்பார். அதனால் நாங்கள் தையல் கடை ஆனோம். "தையல் அக்கா பேசுறன், சட்டைத் துணி என்ன நிறம்?" என்று தொடங்குவோம். அந்தப் பெண் முன்கூட்டியே சொல்லி வைத்த நிறம் பதிலாக வந்தால் மட்டும் மேலே பேச்சு. வராவிட்டால் சட்டைக் கதையோடு வைத்துவிட வேண்டும். போனில் பேசிப் பிழைக்கும் சகோதரிகளே, இவ்வளவு லேசான விதியில் ஒருத்தி எப்படிப் பிழை விடுவாள் என்று கேட்காதீர்கள். விட்டவள் நான்தான்.

மாமியாரின் அளவு

தன்னாமுனையில் ஒரு மருமகள், அடுத்த பிள்ளைக்கு இரண்டு வருடம் போகட்டும் என்று, அதற்கான ஊசி பற்றிக் கேட்டிருந்தாள். நான் அழைத்தபோது மாமியார் எடுத்துவிட்டார். நிறம் கேட்டேன். "எந்த நிறமெண்டாலும் பரவாயில்ல" என்று அவர் தனக்கே ஒரு சாறிச் சட்டைக்கு அளவு சொல்லத் தொடங்கினார். நெஞ்சளவு, கையளவு, முதுகு எவ்வளவு இறக்கம், ஒன்றும் விடவில்லை. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத நான் "ம், ம்" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போனை வைக்கும்போது அவர் சொன்னதில் அந்தச் சிரிப்பு வாயிலேயே செத்தது. "போன முறை தைச்சவ என்ன நல்லா ஏமாத்திப்போட்டா புள்ள. உங்கட குரலக் கேட்டாலே நம்பலாம் போல இருக்கு."

கம்பியூட்டர் வேலை

ஒரு கல்யாண வீட்டில், நாலு பேர் நடுவில் வைத்து, சித்தி என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "கம்பியூட்டர் வேலை" என்றேன். வேலையைச் சொன்னால் வடையை வைத்துவிட்டு எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்று பயம்.

மறுநாள் இதைப் பெரிய பகிடியாக அடுத்த மேசை றிஸ்னாவிடம் சொன்னேன். றிஸ்னா ஏறாவூர்ப் பிள்ளை, என்னைவிட எட்டு வயது இளையவள். தன் வாப்பாவிடமே முதல் நாளே உள்ளதைச் சொல்லிவிட்டு வேலைக்கு வந்தவள். அவள் சிரிக்கவில்லை. "வெக்கப்படாதீங்க தங்கச்சி எண்டு ஒரு நாளைக்கு எத்தின பேருக்குச் சொல்லுறீங்க அக்கா?"

மயில்கழுத்து

உன்னிச்சையில் இருந்து எழுதியவளுக்கு இருபத்துநாலு வயது. அறுவடை முடிய அவளுக்குக் கல்யாணம். நாலு மாதமாக மாதவிடாய் வரவில்லை. அவள் யாரோடும் பழகியவள் அல்ல. ஆனால் ஊர் அதைக் கேட்டுக்கொண்டா பேசும்? ஊர்க் கிளினிக்குக்குப் போகலாம் என்றால், அங்கே எல்லோரும் அவளுடைய அம்மாவுக்குத் தெரிந்தவர்கள்.

வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை என்று குளக்கட்டில் ஏறி நின்று பேசுவாள். காற்று இரைச்சலில் பாதி கேட்காது. நிறம் என்ன வைப்போம் என்று கேட்டதற்கு, கல்யாணச் சாறியின் நிறத்தையே சொன்னாள், மயில்கழுத்து. வெள்ளிக்கிழமைக்கு டொக்டரிடம் நேரம் எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லவில்லை, இதைத்தான் சொன்னாள். "அம்மாக்கு மட்டும் தெரியக்கூடாது அக்கா. அவவுக்கு மனசில ஒண்டும் நிக்காது."

ஓம், சொல்லுங்க

வியாழன் காலை, டொக்டர் நேரத்தை மாற்றிவிட்டார். என் ஒரு கையில் தேத்தண்ணி, முன்னால் இன்னும் ஏழு பேருக்கு எடுக்க வேண்டும். அவளுக்கு எடுத்தேன். "ஓம், சொல்லுங்க" என்றது அவளுடைய குரல். அதே இழுவை, அதே மெல்லிய தொண்டை. அவள்தானே என்று, நிறம் கேட்காமலே கொட்டிவிட்டேன். டொக்டர் நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொன்னார், நாலு மாதம் வராததற்குப் பல காரணம் இருக்கும், பயப்படாமல் வாருங்கள் தங்கச்சி, பக்கக் கதவில் நிற்பேன்.

அந்தப் பக்கம் முற்றத்துக் கோழி ஒன்று கொக்கரித்தது. பிறகு அதே குரல் மெல்லச் சொன்னது. "மகள் போன வெச்சிட்டு வட்டைக்குச் சோறு கொண்டு போயிட்டாள். நான் அவட அம்மா."

வயலுக்குச் சோறு கொண்டு போனவளின் ரகசியத்தை அவள் வருவதற்குள் நான் வீட்டில் இறக்கிவிட்டேன். என் முகத்தைப் பார்த்து றிஸ்னா "நிறம் கேட்டீங்கதானே?" என்றாள். "கேட்டன்" என்றேன். அந்த அறையில் இருப்பவர்களுக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

ஒரு சட்டி தயிர்

அவள் வரமாட்டாள் என்று நினைத்துத்தான் வெள்ளி காலை போய் நின்றேன். வந்தாள், அம்மாவோடு. இருவரும் முன் கதவால் வந்தார்கள். டொக்டர் சோதித்துப் பார்த்து, இது சுரப்பிக் கோளாறு, மருந்தில் சரிவரும் என்று குளிசை எழுதினார். அம்மா வெளியே வந்து, உன்னிச்சையில் இருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த எருமைத் தயிர்ச் சட்டியை என் கையில் தந்தார். "நீங்க மட்டும் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது புள்ள. பயத்தில என்ட அக்காட்ட மட்டும்தான் சொன்னன்" என்றார்.

அந்த அக்கா முதல் நாளே மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறார். யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதை மகள்தான், அம்மா மருந்து வாங்கப் போன இடைவெளியில், எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் என் கையில் இருந்த சட்டியைப் பார்த்தபடி சொன்னாள். "மயில்கழுத்து எண்டு அம்மாக்குத் தெரியாது அக்கா. நீங்க கேட்டிருந்தா, சட்டைக் கதையோட முடிஞ்சிருக்கும்."

அன்று பின்னேரமே றிஸ்னாவிடம் உண்மையைச் சொன்னேன், தயிரையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் என் சொந்த அம்மா போனை எடுத்தாலும் முதலில் நிறம் கேட்கிறேன், அந்த ஒரு வியாழக்கிழமையைத் தவிர மற்ற எல்லா நாளிலும் நான் இந்தத் தொழிலில் கெட்டிக்காரிதான்.