பரந்தனிலிருந்து கனகராயன்குளம் வரை, மெதுவாக

2016 சித்திரை விளையாட்டு விழா, மெதுவான சைக்கிள் ஓட்டம், பிரேக் இல்லாத சைக்கிளில் முதலிடம்: ஒரு பிளாஸ்ரிக் பேசின். 2018, அதே ஓட்டம், பாதையின் நடுவே வந்து படுத்த நாய் தானாக எழும்பிப் போகும்வரை பதினொரு நிமிடம் கால் ஊன்றாமல் நின்று முதலிடம்: ஒரு குடை. 2019, இறுதிச் சுற்றில் கடைக்காரத் திலீபனோடு அருகருகே அசையாமல் நின்று, பிரதம விருந்தினர் பேச்சைத் தொடங்கி முடித்து வீட்டுக்கும் போன பிறகு, திலீபனின் மனைவி வந்து, "இஞ்சேருங்கோ, மாடு அவிட்டுக்கொண்டு போட்டுது" என்று கூப்பிட, அவன் திரும்பிக் காலை ஊன்றியதால் முதலிடம்: ஒரு சுவர்மணிக்கூடு. 2022, பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளுக்கு மாறியிருந்த வருடம், வழமையான ஆறு பேருக்குப் பதிலாக முப்பத்தொரு பேருடன் போட்டியிட்டு முதலிடம்: ஒரு சுடுதண்ணிப் போத்தல். 2024, நெற்றியில் குளவி ஒன்று குந்தியிருக்க முதலிடம்: இன்னொரு சுவர்மணிக்கூடு. 2023இல் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் இரண்டாமிடம். அது கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இவ்வளவையும் வென்றவன் பரந்தனுக்குக் கிழக்கே வாய்க்கால் ஓரமாகக் குடியிருக்கும் கனகசபை கிருபானந்தராசா. ஊரில் கிருபன். இரண்டு மணிக்கூடுகளும் அவன் வீட்டு விறாந்தையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒன்று மற்றதைவிட நான்கு நிமிடம் பிந்தியது. கிருபன் பிந்தியதைத்தான் பார்ப்பான்.

மெதுவான சைக்கிள் ஓட்டத்தில் கடைசியாக வருபவன்தான் வெற்றியாளன். சுண்ணாம்புக் கோடு போட்ட ஒடுங்கிய பாதை, ஐம்பது மீற்றர். கால் நிலத்தில் பட்டாலும் சைக்கிள் சில்லு பக்கக் கோட்டைத் தாண்டினாலும் ஆள் வெளியே. மற்றவர்கள் இதற்குப் பின்னேரங்களில் பயிற்சி எடுப்பார்கள். கிருபன் எடுப்பதில்லை. அவன் கடைக்குப் போவதே அப்படித்தான்.

பிறக்கும்போதே பதினேழு நாள் பிந்திப் பிறந்தவன். நான்கு வயது மூத்த அக்கா நாகேஸ்வரி அன்றிலிருந்து அவனுக்காகக் காத்திருந்து பழகியவள். பள்ளிக்கூடம் போகும் வழியில் அவள் முன்னால் போய் மதகில் குந்தியிருப்பாள். அவன் வந்து சேருவதற்குள் ஒரு வாய்பாடு பாடமாகிவிடும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என்றாலும் பதினாறாம் வாய்பாடுவரை இன்றும் தடுமாறாமல் சொல்வாள்.

கிருபனும் மக்கு அல்ல. பேப்பரை முதற் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல்வரை ஒரு வரி விடாமல் வாசிப்பான். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் வியாழக்கிழமை முடியும். எழுத்தோ அச்சடித்தது போல இருக்கும். பரீட்சைகளில் அவன் பெயரையும் சுட்டெண்ணையும் எழுதி முடிக்க மணி அடித்துவிடும். அந்த இரண்டிலும் ஒருநாளும் பிழை இருந்ததில்லை. வளர்ந்த பிறகு வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் மறித்துவிடும் வேலை கிடைத்தது. தண்ணீர் அவனை அவசரப்படுத்தவில்லை. இருவரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் அவனுக்கு வாய்க்கவில்லை. அவன் தன் வாழ்நாளில் கையெழுத்து வைத்ததில்லை.

கையெழுத்து என்றால் முழுப்பெயர் என்பது அவன் முடிவு. பதின்மூன்று எழுத்து. ஒன்றையும் விடமுடியாது, 'ந்' மேலே வைக்கும் புள்ளியும் வட்டமாக இருக்க வேண்டும். ஆனால் எங்கே போனாலும் அவனுக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. 2009இல் போர் முடிந்து முகாமில் பதிந்தபோது பின்னால் நானூறு பேர். அவன் 'க' எழுதி முடித்து 'ன'வுக்குப் பேனையை வைக்க, பதிந்துகொண்டிருந்தவர் அவன் கையைப் பிடித்து மைப்பெட்டியில் அமத்தினார். 2012இல் கலியாணப் பதிவின்போது மணப்பெண் தாட்சாயினி ஒரே இழுவையில் கையெழுத்தை முடித்துப் பேனையை நீட்டினாள். அவன் தகப்பன் பெயரை எழுதி முடிக்கும்போது நல்ல நேரம் முடிய ஆறு நிமிடம் இருந்தது.

"தம்பி, நீர் தாலி கட்டப்போறீரோ, பேர் எழுதப்போறீரோ?" என்று பதிவாளர் கேட்டார்.

கிருபன் தாட்சாயினியைப் பார்த்தான், பெருவிரலை நீட்டினான். அடையாள அட்டையிலும் காணிப் பத்திரத்திலும் அதே பெருவிரல்தான்.

விளையாட்டு விழாவிலும் வேறு கதை இல்லை. பரிசு வாங்குகிறவர் கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும். கிருபனுக்குப் பின்னால் கண்ணைக் கட்டி முட்டி உடைத்தவர், சாக்கில் ஓடியவர்கள், கயிறு இழுத்த பதினாறு பேர் என்று வரிசை நிற்கும். விளையாட்டுக் கழகச் செயலாளர் ஜனகன் அவனைக் கண்டதுமே மைப்பெட்டி மூடியைத் திறந்துவிடுவான்.

"ஜனகன், இந்தமுறை நான் சைன் வைக்கிறன்."

"அண்ணை, ஐஸ்கிறீம் வான் வெளிக்கிடப்போகுது. விரலைத் தாங்கோ."

ஐந்து பரிசு, ஐந்து பெருவிரல். குளவி வருடத்துப் பரிசோடு வீட்டுக்கு வந்து, 2016ஆம் ஆண்டுப் பேசினில் விரலைக் கழுவிக்கொண்டே கிருபன் சொன்னான்: "அக்கா, ஐஞ்சுதரம் வெண்டும் என்ரை கையாலை எழுதின என்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லை."

"ஜனகன் எழுதியிருக்கிறான்தானே?"

"அது ஜனகன்ரை எழுத்து."

நாகேஸ்வரி துவாய் எடுத்துக் கொடுத்தாள். மை போகவில்லை.

நாகேஸ்வரியின் மகள் பிரியந்தினி மாமனுக்கு நேர்மாறு. பதினாறு வயது, எண்ணூறு மீற்றரில் மாகாணத்தில் மூன்றாமிடம். அவள் கையெழுத்து ஒரு கோடும் ஒரு சுழியும். அந்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் அவள் உடற்கல்விப் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கிருபன் பக்கத்தில் இருந்து காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தான்.

"கி.மு. 776இல் பண்டைய கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் நடந்த ஓட்டத்தில் வென்றவர் கொரோய்போஸ் என்னும் சமையற்காரர். பெயர் எழுதி வைக்கப்பட்ட முதலாவது ஒலிம்பிக் வெற்றியாளர் இவரே."

கிருபன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டான்: "கடைசியா வந்தவன்ரை பேர் என்ன?"

"அது புத்தகத்திலை இல்லை மாமா."

"ஏன் எழுதேல்லை?"

"ஆர் மாமா கடைசியா வந்தவன்ரை பேரை எழுதுவினம்?"

கிருபன் யோசித்தான். அவள் இரண்டு பக்கம் படித்து முடித்தாள்.

"அவன் வந்து சேர முதல் கொப்பியை மூடிட்டாங்கள் போலை" என்றான்.

அடுத்த கிழமை மாகாண விளையாட்டுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. சைக்கிள் ஓட்டத்தில் தங்கள் பிரிவில் முதலிடம் பெற்ற கனகசபை கிருபானந்தராசா ஓகஸ்ட் 17ஆம் திகதி காலை ஆறரை மணிக்குப் பரந்தன் சந்தியிலிருந்து கனகராயன்குளம்வரை நடைபெறும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்றது. கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீற்றர்.

நாகேஸ்வரி கடிதத்தையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு விளையாட்டு உத்தியோகத்தர் சுகந்தினியிடம் போனாள்.

"மிஸ், இவன் வெண்டது மெதுவான ஓட்டம்."

"தெரியும் அக்கா. ஆனால் படிவத்திலை 'மெதுவான' எண்டு ஒரு கட்டம் இல்லை. சைக்கிள் ஓட்டம், முதலாமிடம். அவ்வளவுதான் இருந்தது."

"திருத்தி அனுப்பலாம்தானே?"

"பேர் மேலை போட்டுது. இப்ப வெட்டினால் எங்கடை பிரிவுக்கு ஆளே இல்லை. தம்பி வந்து தொடக்கத்திலை நிண்டால் காணும். விசில் ஊதினதும் வீட்டை போகலாம்."

இவ்வளவு நேரமும் கிருபன் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தான். இப்போதுதான் அடிப்பகுதிக்கு வந்திருந்தான்.

"மிஸ், இதிலை கடைசியா ஒரு வசனம் இருக்கு" என்று சத்தமாக வாசித்தான்: "'ஓட்டத்தை நிறைவுசெய்யும் ஒவ்வொருவரும் முடிவிடத்தில் பதிவேட்டில் கையொப்பமிடல் வேண்டும். விரல் அடையாளம் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.'"

"அது சும்மா வழமையாப் போடுறது தம்பி."

"நான் ஓடுறன்" என்றான் கிருபன்.

நாகேஸ்வரி கடிதத்தை வாங்கி மூன்றுமுறை வாசித்தாள். எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று எந்த இடத்திலும் இல்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

பதினேழாம் திகதி காலை பரந்தன் சந்தியில் இருபத்துமூன்று பேர் நின்றார்கள். இருபத்திரண்டு பேருக்கு மெல்லிய சில்லும் தலைக்கவசமும். கிருபனுக்குத் தகப்பன் ஓடிய கரியர் சைக்கிள்; கரியரில் 2018ஆம் ஆண்டுக் குடையும் 2022ஆம் ஆண்டுச் சுடுதண்ணிப் போத்தலும் கட்டியிருந்தன. விசில் ஊதியது. இருபத்திரண்டு பேரும் கண்ணுக்கு மறைந்தார்கள்.

"அண்ணை, விசில் ஊதியாச்சு" என்றான் கொடி பிடித்தவன்.

"கேட்டது."

"சைக்கிள் ஓடுதோ, இல்லாட்டி நீங்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியளோ?"

"ஓடுது. வடிவாப் பாரும்."

பழக்கதோஷத்தில் முதல் ஐம்பது மீற்றருக்கு ஒன்பது நிமிடம் எடுத்தான். பிறகு இது வேறு ஓட்டம் என்று நினைவு வந்து கொஞ்சம் கூட்டினான். முதலாவது ஆள் கனகராயன்குளத்தில் இறங்கி மாலை போட்டுக்கொண்டபோது கிருபன் கிளிநொச்சிச் சந்தைக்கு முன்னால் ஒரு மரக்கறி லொறிக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்குச் சோளகக் காற்று முகத்தில் அடித்தது. வேகமாகப் போனவர்களை அது கூடுதலாக அடித்தது. ஏழு பேர் இடையில் இறங்கி வான் பிடித்தார்கள். கிருபன் முறிகண்டியில் அந்த வழியால் போகும் எல்லோரையும் போல நின்று, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கி, தோல் உரித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு ஏறினான். கடைசி ஆளுக்குப் பின்னால் வர வேண்டும் என்ற விதிப்படி ஒரு முதலுதவி வாகனம் காலையிலிருந்து அவனுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. முறிகண்டி தாண்டி மூன்றாவது கிலோமீற்றரில் அதன் இயந்திரம் கொதித்துப் புகைத்தது. கிருபன் திரும்பிப் போய், சுடுதண்ணிப் போத்தலில் இருந்ததைச் சாரதிக்கும் தாதிக்கும் ஊற்றிக் கொடுத்தான். அது தேத்தண்ணி. வாகனத்துக்கு உதவவில்லை. அவர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

மத்தியானம் நாகேஸ்வரியும் பிரியந்தினியும் சோற்றுப் பார்சலோடு பஸ் ஏறினார்கள். மாங்குளத்துக்கு இந்தப் பக்கம் பஸ் அவனைப் பிடித்தது.

"அண்ணை, ஏறுங்கோ! சைக்கிளை மேலை போடலாம்!" என்று கொண்டக்டர் கத்தினான்.

"வேண்டாம் தம்பி. நான் ரேசிலை போறன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நாகேஸ்வரி சிரிக்கவில்லை. மணியைப் பார்த்து, பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில் குறித்தாள்: 12.38.

அவன் கனகராயன்குளத்தில் தெரிந்தபோது நேரம் 4.10. முடிவிடத்து அலங்கார வளைவைக் கழற்றிவிட்டார்கள். வாடகைக் கதிரைகள் எல்லாம் உழவு இயந்திரத்தில் ஏறிவிட்டன. மேசை ஒன்று, அதன்மேல் பதிவேடு, பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் பாலன், சற்றுத் தள்ளிச் சோற்றுப் பார்சலோடு நாகேஸ்வரியும் பிரியந்தினியும். ஓடுகிற கடைசி ஆளையும் பதியாமல் பதிவேட்டை ஒப்படைக்க முடியாது என்பதால் அவர் எட்டு மணித்தியாலமாக அங்கே இருந்தார்; முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கடைசி ஐம்பது மீற்றர். தெருவில் சுண்ணாம்புக் கோடு தெரிந்தது. அதைக் கண்டதும் கிருபனின் கை தானாகப் பிரேக்கை அமத்தியது. சைக்கிள் நின்றது. கால் ஊன்றவில்லை. அசையாமல் நின்றான்.

"மாமா!" என்று பிரியந்தினி கத்தினாள். "இது மற்ற ஓட்டம்! வாங்கோ!"

"தெரியுது பிள்ளை. கை கேக்குதில்லை."

நாகேஸ்வரி பதிவேட்டை இரண்டு கையாலும் தூக்கி அவனுக்குக் காட்டினாள். பதினைந்து பேரின் கையெழுத்துக்குக் கீழே வெறுமையாக ஒரு கட்டம். கிருபன் பார்த்தான். பிரேக்கை விட்டான். 4.19க்குக் கோட்டைத் தாண்டினான்.

பாலன் பேனையை நீட்டினார். "வையும் தம்பி, கெதியா."

கிருபன் பேனையை வாங்கி, பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"என்ன பாக்கிறீர்?"

"ஆரும் நிக்கினமோ எண்டு, மாஸ்ரர்."

"உமக்குப் பின்னாலை ஆர் வரக் கிடக்கு?"

தெரு வெறுமையாகக் கிடந்தது. வெகுதூரத்தில் ஒரு மாடு குறுக்கே போனது. கிருபன் குனிந்து 'க' எழுதினான்.

'ன' எழுதும்போது கதிரை மேசை வாடகைக்குக் கொடுத்தவர்கள் இருவர் வந்து மேசையைத் தூக்கினார்கள். கிருபன் நிறுத்தவில்லை, மேசையோடு சேர்ந்து நிமிர்ந்தான். தூக்கியவர்கள் தூக்கியபடி நின்றார்கள். பாலன் ஏச வாயைத் திறந்து, பதிவேட்டைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீண்டும் பார்த்தார். மேலே பதினைந்து கிறுக்கல். கீழே பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல ஐந்து எழுத்து.

"மாஸ்ரர், கை நோகுது. மேசையை வைக்கட்டோ?"

"அசையாதேங்கோடா! எழுத்துச் சறுக்கும்."

தந்தை பெயருக்கும் தன் பெயருக்கும் நடுவே கிருபன் சற்று இடம் விட்டு, மூச்சும் விட்டான். 'கி', 'ரு', 'பா'. பிரியந்தினி மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணூறு மீற்றர் ஓடியபோதுகூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை. 'ந்' புள்ளியை வட்டமாகப் போட்டான். ஒருவரும் மைப்பெட்டியைத் திறக்கவில்லை. கடைசி 'சா'வின் துணைக்காலை இழுத்து முடித்தபோது நாகேஸ்வரி மணியைப் பார்க்க மறந்துபோனாள். எத்தனை நிமிடம் என்று அதனால் தெரியாது.

பக்கத்தில் திகதிக்கென்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. மற்றப் பதினைந்து பேரும் அதை வெறுமையாக விட்டிருந்தார்கள். கிருபன் மட்டும் நிரப்பினான்: 2024 ஓகஸ்ட் 17.