பால் வடிந்த கள்ளி

தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வருஷத்தில் பாதி நாள் மழை. அந்த மழையில்தான் துரையின் சம்சாரம் தொரசானிக்குக் கள்ளி வளர்க்க ஆசை வந்தது. பங்களாவின் பின்னால் கண்ணாடி அறை கட்டி, எந்தெந்த வறண்ட தேசத்திலிருந்தோ கப்பலில் வந்த செடிகளை அடுக்கினார். அவற்றைப் பார்த்துக்கொள்ள, ஐந்தாம் வகுப்பு வரை படித்த பெண் என்று என்னைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து கூப்பிட்டார்கள். எனக்குப் பதினெட்டு வயது. நனையாத வேலை, அட்டை கடிக்காத வேலை. செத்தாலும் விடக்கூடாது என்று இருந்தேன்.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த எங்களுக்கு எல்லாமே கள்ளிதான். தொரசானிக்கு அவை இரண்டு குடும்பம். இடப்பக்கத் தட்டில் சப்பாத்திக்கள்ளியின் சொந்தங்கள். வலப்பக்கம் திருகுகள்ளியின் சொந்தங்கள். திருகுகள்ளிக்கு ஆமணக்கும் மரவள்ளியும் உறவாம்! ஆனால் பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் இருந்தன. ஒரு நாள் கிளை ஒடிந்தபோது நானே கண்டுபிடித்தேன்: வலப்பக்கத்துச் செடியில் பால் வடியும், இடப்பக்கத்தில் வடியாது. அதற்குப் பிறகு புதுச்செடி வந்தால் ஊசியால் ஒரு குத்து, அவ்வளவுதான். தொரசானி மெச்சிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் அவள் வந்தாள். பங்களாச் சமையல்காரரின் புதுப் பெண்டாட்டி, நோட்டன் பிரிட்ஜ்காரி. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. கூடமாட உதவிக்கு என்று கண்ணாடி அறைக்குள் விட்டார்கள். அவள் ஒவ்வொரு செடிக்கு முன்னாலும் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். நாளாக ஆக, தொரசானி என்னை விட்டு அவளைக் கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. இந்த லட்சணத்தில், அடுத்த மாதத்திலிருந்து ஓர் ஆள் போதும், மற்றவள் மலைக்குப் போகலாம் என்று துரை சொல்லிவிட்டார்.

அந்த வாரம் உருண்டையாக ஒரு புதுச்செடி வந்தது. பூ இல்லை, பெயர்ச்சீட்டும் இல்லை. அவள் அதை இடப்பக்கத் தட்டில் வைத்தாள். நான் ஊசியால் குத்தினேன். பால் வந்தது. ஆகா, மாட்டிக்கொண்டாளே என்று தொரசானியைக் கையோடு அழைத்து வந்து, இவளுக்குச் செடி பிரிக்கவே தெரியாது என்று காட்டினேன்.

தொரசானி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எதை வைத்து இந்தப் பக்கம் வைத்தாய் என்று அவளைக் கேட்டார்.

"முள்ளுக்கு அடியில பஞ்சு மெத்தை இருக்குங்க. அந்தப் பக்கத்துல ஒண்ணுக்கும் இல்லைங்க."

இருந்தது. ஒவ்வொரு முள் கொத்தும் ஒரு சின்ன வெள்ளைப் பஞ்சுத் திண்டிலிருந்து கிளம்பியிருந்தது. வலப்பக்கத்துச் செடிகளில் முள் வெறும் தோலிலிருந்தே முளைத்திருந்தது. சப்பாத்திக் குடும்பத்திலும் சில இனங்களுக்குப் பால் உண்டு, அடையாளம் பாலில் இல்லை, மெத்தையில் இருக்கிறது என்றார் தொரசானி. ஒன்றரை வருஷம் தினமும் துடைத்த செடிகள். எனக்கு அந்தப் பஞ்சு கண்ணில் பட்டதே இல்லை.

யார் மலைக்குப் போவது என்று இனிக் கேட்கத் தேவையிருக்கவில்லை. அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அக்காவையே வச்சுக்கங்க. நான் மலைக்குப் போறேங்க."

தொரசானி ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் விடியலில், மலைக்குப் போகிறவர்களுக்குப் பேர் போடும் பெரட்டுக்களத்தில் நான் நின்றேன். அவள் என்னோடு சண்டை போட்டிருந்தால், திட்டிக்கொண்டாவது கொழுந்து எடுத்திருப்பேன். அதற்கும் அவள் வழி வைக்கவில்லை.